படுத்தாச்சு என்றால் தூங்கியாச்சா?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. பதினோரு வருஷம் ஒழுங்காகத் தூங்காத பொம்பளைக்கு வேறு எங்கே இருக்கும்? தூக்கம் வராததைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். வரவில்லை என்று நான் சொன்னதை என் வீட்டுக்காரர் ஒரு நாளும் நம்பவில்லை, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவர் லாரி ஓட்டியவர். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் வண்டியை விற்றார். கட்டில், சிமென்ட் தரை, கல்யாண மண்டபத்து நாற்காலி, எதுவானாலும் அவருக்கு ஒன்றுதான். தலை சாய்ந்த அடுத்த நிமிஷம் குறட்டை கேட்கும். காலையில் பல் விளக்கிக்கொண்டே என்னைக் கேட்பார்.

"நல்லா தூங்கினியா?"

"எங்கங்க தூங்கினேன்? கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன்."

"சும்மா சொல்லாத. நான் ஒண்ணுக்குப் போவ எந்திரிச்சப்ப நீ கொறட்ட விட்டுக்கிட்டுக் கெடந்த."

இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் காபியைப் போல தினமும் உண்டு. நான் பாத்திரத்தை ணங்கென்று வைப்பேன். அவர் சிரித்துக்கொண்டே தோட்டத்துக்குப் போய்விடுவார். வாசலில் யாராவது அகப்பட்டால் போதும், "எங்கூட்டு அம்மாவுக்குத் தூக்கமே வராதாமா, கொறட்ட மட்டும் வருமாமா" என்று அவர்களிடமும் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் தாலுகா ஆபீஸில் உதவியாளர். எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள், இன்னும் நாலு வருஷத்தில் பென்ஷன் வாங்க வேண்டும். தருமபுரி ஜில்லாவில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழை என்பதற்கு ஒரு காகிதம், இங்கேதான் குடியிருக்கிறேன் என்பதற்கு ஒரு காகிதம், செத்துப்போனவருக்கு நான்தான் மகன் என்பதற்கு ஒரு காகிதம் என்று ஜனங்கள் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். கண்ணெதிரே கிழிந்த சேலையோடு நிற்கிறவளிடம்கூட "வருமானத்துக்கு ஆதாரம் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறேன். வாயால் சொன்னால் நாங்கள் நம்ப மாட்டோம். அந்தப் பாவம்தானோ என்னவோ, என் தூக்கத்துக்கும் ஆதாரம் கேட்க ஆரம்பித்தார்கள்.

கசகசா அரைத்துப் பாலில் குடித்தேன். வெந்நீரில் கால் வைத்தேன். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். மாத்திரை போட்டதில் மறுநாள் மதியம் வரை தலை கிறுகிறுத்தது, ராத்திரி மட்டும் பழையபடிதான். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி, "அக்கா, வேல கம்மியா இருந்தா இப்படித்தாங்க்கா தூக்கம் வராது" என்றாள். அன்றைக்கு என் மேஜையில் இருந்த பைல்களைத் தூக்கி அவள் மேஜையில் வைத்துவிட்டு, "இந்தா, நீ நல்லா தூங்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு நாள் நிஜமாகவே தப்பு செய்தேன். வாரிசுச் சான்று பைல் ஒன்றில், இறந்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில் மனு கொடுத்தவரின் பெயரைத் தட்டிவிட்டேன். மூன்றாம் நாள் அந்தப் பெரியவர் வந்து கைகட்டி நின்றார்.

"அம்மணி, நான் உசுரோடதானுங்க இருக்கறேன்."

ஆபீஸே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. தூக்கமின்மையால் கவனம் தவறியது என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி படித்துவிட்டு, "இதுக்கு டாக்டர் சர்டிபிகேட் வெச்சுக் குடுங்கம்மா" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

தருமபுரியில் நான் பார்த்த டாக்டர் நல்ல மனுஷர். ரத்தம் பார்த்தார், பிரஷர் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. "தூக்கம் வரலைன்னு நீங்க சொல்றதத்தாம்மா நான் எழுத முடியும்" என்றார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். எனக்கு அந்த நாள் நன்றாகத் தெரியும். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால், "நெனப்பில்லைங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அந்த டாக்டர்தான், பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நாள்பட்டுத் தூக்கம் வராதவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்து ஆராய்ச்சி செய்கிறார்கள், போகிறீர்களா என்று கேட்டார்.

எனக்கு உள்ளுக்குள் விளக்குப் போட்டது போல இருந்தது. கால் உடைந்தால் எக்ஸ்ரேயில் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு ஒருவரும் "சும்மா சொல்லாத" என்று சொல்வதில்லை. என் மூளையையும் படம் எடுத்து, இந்த அம்மா தூங்குவதில்லை என்று ஒரு வரி எழுதி, சீல் வைத்துக் கொடுத்தால் ஆபீஸில் ஒரு காப்பி கொடுப்பேன். இன்னொன்றை பிரேம் போட்டு, அவர் பல் விளக்குகிற இடத்தில் ஆணி அடித்து மாட்டுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தடவை போனபோது கையெழுத்து வாங்கினார்கள், மணிக்கட்டில் உடம்பு அசைவதைக் குறித்துக்கொள்கிற ஒரு கடிகாரம் கட்டினார்கள், நாலு வாரத்துக்கு டைரித் தாள்கள் கொடுத்தார்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று தினமும் காலையில் எழுத வேண்டும். கூடப் படுப்பவர் எழுதவும் ஒரு கட்டம் இருந்தது. இரண்டு வாரம் எழுதியதை ஸ்கேன் நாளில் கொண்டுவர வேண்டும், மீதியைப் பிறகு தபாலில் அனுப்பினால் போதும்.

நான் தூங்கிய நேரம் என்ற இடத்தில் தினமும் பூஜ்யம் போட்டேன். நடுவில் கண் அசந்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் கண் அசந்ததை யாரும் தூக்கத்தில் சேர்ப்பதில்லை. அவர் தன் கட்டத்தில் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. ஒருவர் வாக்குமூலத்தை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்பது எனக்கு ஆபீஸ் பழக்கம்.

ஸ்கேன் நாளன்று பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிற ஓர் இளம் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேர் கட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சேலத்துப் பெண், நம் பேச்சு பேசுவாள்.

"நீங்க பூஜ்யம்னு போட்டிருக்கீங்க. சார் தினமும் 'பத்து மணிக்குப் படுத்துக்கிட்டாங்க, அஞ்சு மணிக்கு எந்திரிச்சாங்க, நல்லா தூங்கினாங்க'ன்னு போட்டிருக்காரே?"

எனக்கு வந்ததே கோபம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரிடம் திரும்பினேன். "ஏங்க, படுத்துக்கிட்டா தூங்கிட்டதா அர்த்தமா?"

"பின்ன? படுத்தாச்சுன்னா தூங்கியாச்சு. ஊர்ல அப்படித்தான சொல்றோம்? நீ கூடத்தான் யாராச்சும் எனக்குப் போன் பண்ணா 'அவரு படுத்துட்டாருங்க'ன்னு சொல்ற."

"நீங்க படுத்தா தூங்கறீங்க, அதனால சொல்றேன்! நான் படுத்தா படுத்திருக்கேன், அவ்வளவுதான்!"

வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக நாங்கள் போட்ட சண்டை ஒரே ஒரு வார்த்தையில்தான் கிடக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஸ்கேன் அறைக்குள் துளி உலோகம் ஆகாது என்றார்கள். அதற்காக வீட்டிலிருந்தே மஞ்சள் கட்டிய கயிறு கொண்டுபோயிருந்தேன். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தாலியைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பையை ஒரு கையால் பொத்தியபடியே உட்கார்ந்தார். என் தலையில் ஒயர் பின்னிய தொப்பி ஒன்றை மாட்டினார்கள். தூங்குகிறேனா முழித்திருக்கிறேனா என்பதை அது காட்டிக்கொடுக்குமாம். காதில் ஒன்றைப் பொருத்தினார்கள். குழாய் மாதிரி இருந்த அந்த மெஷினுக்குள் தள்ளியதும், காதுக்குள் டாக்டரம்மாவின் குரல் வந்தது.

"அம்மா, முதல் பத்து நிமிஷம் கண்ண மூடிக்கிட்டு சும்மா படுத்துக்குங்க. ஆனா தூங்கிறக் கூடாது."

படுத்துக்கொள், ஆனால் தூங்காதே. என் ஆயுசில் யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. தூங்கு, தூங்கித் தொலை, இன்னுமா தூங்கவில்லை என்றுதான் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். சரி, முழித்திருப்பதுதானே, அதில் என்னை அடிக்க ஆளே கிடையாது என்று தெம்பாகப் படுத்திருந்தேன். மெஷின் போர் போடுகிற வண்டியைப் போலத் தடதடவென்று இரைந்தது. பிறகு நின்றது. அப்புறம் வேறு மாதிரி இரைந்தது.

"அம்மா, அம்மா" என்று குரல் கேட்டது. "தூங்கிட்டீங்கம்மா. முதல்லருந்து எடுக்கணும்."

"நான் எங்க தூங்கினேன்? முழிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்!"

மறுபடி எடுத்தார்கள். பத்து நிமிஷம் முடிந்ததும், "இப்ப நீங்க தாராளமா தூங்கலாம்மா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் தலைகீழாக நின்றாலும் தூக்கம் வந்திருக்காது. மூக்கு அரித்தது, முதுகு அரித்தது, பென்ஷன் கணக்கு ஞாபகம் வந்தது.

வெளியே வந்தால் என் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. சிரி சிரி என்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அந்தச் சத்தத்துல செத்தவனே எந்திரிச்சிருவான். நீ தூங்கியிருக்கறியே! வூட்டுலயும் ஒரு போர் வண்டிய நிறுத்திரலாமா?"

நான் அழுதுவிட்டேன். அத்தனை பேர் முன்னால், தலையில் பசை ஒட்டிக்கொண்டு, மஞ்சள் கயிற்றோடு நின்று விசும்பி விசும்பி அழுதேன். ஆதாரம் வாங்க வந்த இடத்தில் எனக்கு எதிராகவே ஆதாரம் கிடைத்துவிட்டது. இனி ஆயுசுக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாலியை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். அவர் பின்னாலேயே வந்து வாசல் ஓரம் நின்றார்.

"நீங்க தூங்கலைன்னு எதை வெச்சும்மா சொல்றீங்க?"

"எல்லாம் காதுல விழுந்துச்சே. சத்தம் நடுவுல நின்னுச்சு. அப்ப ஒருத்தர் 'மலகிபிட்ரு'ன்னாரு. இன்னொருத்தர் 'ஊட்டா ஆயித்தா'ன்னு கேட்டாரு. அதுக்கு முதல் ஆளு, பெண்டாட்டி ஊருக்குப் போயிட்டா, இன்னிக்கு பன்னும் பாலும்தான்னாரு."

எங்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள், அதனால் எனக்கு நன்றாகவே புரியும். மலகிபிட்ரு என்றால் தூங்கிட்டாங்க. படுத்துட்டாங்க என்றும் சொல்லலாம். அந்த பாஷையிலும் இதே வில்லங்கம்தான். ஊட்டா ஆயித்தா என்றால் சாப்பிட்டாயா என்று கேட்பது.

டாக்டரம்மா மெஷின் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. மைக்கை அணைக்க மறந்துவிட்டாராம். பன்னும் பாலும் சொன்ன ஆள் அவர்தான். தொப்பியிலிருந்து வந்த கோடுகளைத் திரையில் பார்த்து, நான் தூங்கிவிட்டேன் என்று தெரிந்த பிறகுதான் "மலகிபிட்ரு" என்று சொன்னதாக அவர் அடித்துச் சொன்னார். டாக்டரம்மா அந்தக் கோடுகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். தூக்கம்தான், லேசான தூக்கம், ஆனால் தூக்கம்தான் என்றாள்.

"அப்ப நான் கேட்டது பொய்யா?"

"இல்லம்மா. நீங்க தூங்கினதும் நெஜம், கேட்டதும் நெஜம்."

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தூங்கும்போது மூளை முழுசாக ஒரே சுவிட்சில் அணைவதில்லையாம். சாதாரணமாக, முழித்திருக்க உதவும் பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். தூக்கம் வராதவர்களில் சிலருக்கு உடம்பு தூங்கினாலும் அந்தப் பகுதிகள் சரியாக அடங்குவதில்லையோ என்பதைத்தான் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். காவலுக்கு நிற்கிறவன் மட்டும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிற மாதிரி என்றாள். நிச்சயமாக இன்னும் சொல்ல முடியாது, பலருடைய படங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும் என்றும் சொன்னாள்.

"அதையே ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க டாக்டரம்மா."

"தனி ஆளுக்கு ரிப்போர்ட் கிடையாதும்மா. ஒருத்தர் படத்த வெச்சு ஒண்ணும் சொல்லக் கூடாது. நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்குது."

அந்தத் தாளை எடுத்துக் காட்டினாள். அழகான தமிழில் இருந்தது. கீழே என் கையெழுத்தும் இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று எரிந்து விழுகிறவள் நான். படிக்காமல் போட்டிருக்கிறேன்.

சாயங்கால ரயிலில் திரும்பினோம். ஓசூர் தாண்டியதும் அவர் ஜன்னலைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"ஒண்ணு சொல்றேன். கத்தக் கூடாது."

"சொல்லுங்க."

"ஒரு தடவ, தக்காளி லோடு. தனியாத்தான் வந்தேன். தொப்பூர் எறக்கத்துக்கு முன்னால டீ குடிச்சேன், அது நெனப்பிருக்குது. அப்பறம் பாத்தா ஓமலூர் வந்துருச்சு. நடுவுல எறக்கம் மொத்தமும் எனக்குத் தெரியவே தெரியாது. கியர் மாத்தியிருக்கேன், பிரேக் புடிச்சிருக்கேன், முன்னால போற வண்டிக்கு ஒதுங்கியிருக்கேன். யார் ஓட்டுனதுன்னே தெரியில. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா நான் தூங்கிட்டேன்."

அவர் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு சொன்னப்பதான் யோசிச்சேன். கண்ணத் தொறந்துக்கிட்டு நான் தூங்கியிருக்கேன்னா, கண்ண மூடிக்கிட்டு நீ ஏன் முழிச்சிருக்கக் கூடாது?"

கத்தக் கூடாது என்றார். நான் கத்தினேன். பெட்டி முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"அடப்பாவி மனுஷா! 'ஸ்டியரிங்க தொட்டா எனக்குக் கண்ணே அசராது, நீ நிம்மதியாப் படு'ன்னு எத்தன தடவ சொன்னீங்க!"

பிறகு டாக்டரிடம் சொல்லாததைச் சொன்னேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், தொப்பூரில் லாரிகள் ஒன்றோடொன்று மோதிவிட்டதாக டிவியில் காட்டினார்கள். அவர் அந்த வழியாக வர வேண்டிய நேரம் அது. போன் அணைந்திருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் பேசினார். கிருஷ்ணகிரியில் வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துவிட்டாராம். "நல்லா தூங்கிட்டேன்மா" என்றார். அன்றைக்குப் போன தூக்கம்தான். அவர் வண்டியை விற்றும் அது திரும்பவில்லை. இதைச் சொன்னால் அவர் ஓட்டுகிறபோது மனசு கலங்கும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன், வண்டியை விற்ற பிறகும் அதுவே பழக்கமாகிவிட்டது.

"நான் பொய் சொல்றேன், பொய் சொல்றேன்னு ஊரெல்லாம் சிரிச்சீங்களே. பொய் சொன்னது யாருங்க?"

எதிர் சீட்டுக்காரர் எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டார். தருமபுரி ஸ்டேஷனில் இறங்கும்போது என் வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். இந்தத் தடவை தாலியை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஆபீஸில் கடைசியில் சர்டிபிகேட் இல்லாமலேயே மெமோ முடிந்தது. என்னை வாரிசுச் சான்று சீட்டிலிருந்து தூக்கி ரெக்கார்டு ரூமில் போட்டார்கள். அங்கே யாரையும் நான் சாகடிக்க முடியாது.

பெங்களூரிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி படுக்கும்போது அவர் சொன்னார், "நீ தூங்க வேணாம். சும்மா படுத்துக்க. நான் எங்கயும் போவல." விளக்கை அணைத்துவிட்டு அடுத்த நிமிஷம் குறட்டை விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. தூங்கினேனா என்று கேட்டால் தெரியாது. மறுநாள் காலையில் அவர் அதைக் கேட்கவில்லை. காபி குடித்தாயா என்றுதான் கேட்டார்.

டைரியில் இன்னும் இரண்டு வாரத் தாள்கள் மீதி இருந்தன. எழுதி முடித்து, தபாலில் போடுவதற்காக அடுக்கும்போது அவருடைய கட்டத்தைப் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை ஆபீஸ் பழக்கம் என்னைத் தடுக்கவில்லை. பதினாலு நாளுக்கும் பதினாலு வரி, லாரி டிரிப் ஷீட்டில் எழுதுகிற அதே கோணல் கையெழுத்தில், ஒரே மாதிரி எழுதியிருந்தார்.

"பத்து மணிக்குப் படுத்தாங்க. தூங்கினாங்களான்னு எனக்குத் தெரியாது. அவங்களத்தான் கேக்கணும்."

கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, பிறகு தபாலில் போட்டேன்.